ஒத்தை ஆளின் ஏழு பயிர்

இப்போதெல்லாம் கேள்வி கேட்க வருகிறவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்து விடுகிறார்கள். முன்பு அதிகாரி என்று ஒருவன் வந்தால் ஒரு நோட்டு, ஒரு பேனா. நாம் சொல்வதைத் திரித்தோ திரிக்காமலோ எழுதிக்கொண்டு போவான். இன்றைக்கு ஒரு கண்ணாடிப் பலகையை மூக்குக்கு நேராக நீட்டுகிறார்கள். பத்துப் பதில் அதில் ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அதில் எது உன் பதில், விரலை வை என்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் நாம் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி முகம் போகிறது. ஒருவனிடம் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொல்லப்போவது தெரியும் என்றால் எதற்கு மலை ஏறி வரவேண்டும்? ஆபீசிலேயே இருந்துகொண்டு விரலை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே.

அட்மாசு இதை மாஸ்தவாலின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவள் விவசாய ஆபீஸ் பெண். ஷோலா மேடா என்கிற இந்த மலைக்கிராமத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. திட்டு வாங்கிப் பழகியவள்.

"சரி பெரியவரே, திட்டி முடிச்சுட்டீங்கன்னா சொல்லுங்க. எத்தனை பயிர் போட்டிருக்கீங்க?"

"கண்ணு இருக்கில்ல? எண்ணிக்கோ."

"நீங்க வாயால சொன்னாத்தான் பலகை வாங்கும்."

அட்மாசு அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு விரலை மடக்கினார். "இந்தா, மேல டெஃப் தானியம். அதுக்குக் கீழ கொண்டைக்கடலை. ஓடை ஓரம் மொச்சை. சரிவுல ஆளி. வீட்டுப் பின்னால வெந்தயம், கள்ளுக்குப் போடுற கெஷோ. கோயில் பக்கத்து மேட்டுல கோதுமையும் வாற்கோதுமையும் கலந்தது. ஏழு."

"கலந்ததை ரெண்டாப் போடணும். அப்போ எட்டு."

"ஏழு."

"கோதுமை ஒண்ணு, வாற்கோதுமை ஒண்ணு..."

"ஒரே கைப்பிடியில வெதைச்சேன். ஒரே நாள்ல அறுத்தேன். ஒரே மாவா அரைச்சு ஒரே ரொட்டியாத் திங்கறேன். அது எப்படிம்மா ரெண்டாகும்?"

கலப்புக்கு அந்தப் பலகையில் கட்டம் கிடையாது. மாஸ்தவால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏழு என்றே போட்டாள்.

"ஏன் இத்தனை போடுறீங்க? நான் படிக்கிறேன், எதுன்னு சொல்லுங்க. சந்தை தூரம். நிலம் துண்டு துண்டா இருக்கு. மழையை நம்ப முடியலை. நோய் வந்திடும்னு பயம். மாட்டுத் தீவனம். வீட்டுல ஆள் அதிகம்..."

"எனக்கு எவன் மேலயும் நம்பிக்கை இல்லை. அது இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லை."

"அப்போ ஒண்ணும் இல்லைன்னு போடு."

"ஒண்ணும் இல்லைன்னு போட முடியாது. சரி, அப்புறம் வரேன் இதுக்கு. வீட்டுல எத்தனை பேர்?"

அட்மாசு யோசிக்கவே இல்லை. "அஞ்சு."

மாஸ்தவால் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வேலியில் காய்ந்துகொண்டிருந்தது ஒரே ஒரு போர்வை. வாசலில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

ஆள் கணக்கு எடுக்க வருகிறவன் அடுத்தாற்போல் நிலக் கணக்கு எடுப்பான். இது அட்மாசுவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அரசாங்கம் நிலத்தைக் கயிறு போட்டு அளந்த வருஷம் கண்ணால் பார்த்தது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். பிள்ளையில்லாத பக்கத்து வீட்டுக்காரன் மூன்று துண்டு நிலத்தோடு காலையில் எழுந்தான், சாயங்காலம் ஒன்றோடு படுத்தான். அன்றைக்கு அட்மாசு வீட்டில் ஐந்து தலை. அவர், மனைவி லாக்கெச், பையன்கள் இரண்டு பேர், மகள் அஸ்கலே. ஐந்து தலையைக் காட்டித்தான் இந்த நிலம் கைவிட்டுப் போகாமல் நின்றது. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் ஐந்து. பெரியவன் தலைநகரத்தில் கட்டட வேலைக்குப் போனபோதும் ஐந்து. சின்னவன் எல்லை தாண்டிப் போய் மூன்று வருஷமாகச் சேதி இல்லாதபோதும் ஐந்து. அஸ்கலேயைப் பஹிர் தார் நகரத்துக்குக் கட்டிக்கொடுத்தபோதும், லாக்கெச்சைக் கோயில் வளவில் புதைத்துவிட்டு வந்த மறுநாளும் ஐந்துதான்.

"அஞ்சுன்னா சரியா வருது," என்றாள் மாஸ்தவால், பலகையைப் பார்த்துக்கொண்டே. "ஒரு ஆள்னு போட்டா இது என்னைக் கேள்வி கேக்கும். ஒரு ஆள் வீட்டுல பெரும்பாலும் ஒரு பயிர், மிஞ்சிப்போனா ரெண்டு. களை எடுக்க, காவல் இருக்க, அறுக்க ஆள் வேணுமில்ல?"

அட்மாசு வேலியில் கிடந்த போர்வையைத் திருப்பிப் போட்டார்.

அவள் பலகையைப் பைக்குள் வைத்தாள். "பெரியவரே, ஆபீசுக்காகச் சொல்லலை. சுத்தி நாற்பது பேர் சேந்து கோதுமை போட்டிருக்காங்க. ஒரே விதை, ஒரே நாள் உழவு, ஒரே நாள் அறுப்பு. பல்லு நடுவுல மாட்டின கீரை மாதிரி நடுவுல உங்க நிலம் நிக்குது. ரெண்டு வாரத்துல, புதன்கிழமை மெஷின் வருது. வியாழக்கிழமை அறுத்த தாள்ல மாடு மேய இறங்கும். உங்க டெஃப் இன்னும் அறுக்கலை. கடலை பச்சையா நிக்குது, அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும். எப்படிக் காப்பாத்துவீங்க?"

"என் பாடு அது."

"அடுத்த வருஷத்துக்கு உங்க பேரையும் கூட்டுல சேத்துடறேன். ஒரு கைநாட்டு, அவ்வளவுதான். உழவுல இருந்து அறுப்பு வரைக்கும் நீங்க குனியவே வேண்டாம்."

"மஞ்சள் துரு நோய் வந்து கோதுமை பூரா பொடியாப் போன வருஷம் உனக்கு எத்தனை வயசு?"

"பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன்."

"நாங்க மொச்சை தின்னோம். அதுக்கு மறு வருஷம் உறைபனியில மொச்சை கருகிடுச்சு. டெஃப் தின்னோம். போம்மா, வெயில் ஏறுது."

அவள் போனாள். ஆனால் அவள் சொன்ன வியாழக்கிழமை போகவில்லை. அது அவர் கூடவே வயலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

*

குவாலு, லாக்கெச்சின் தம்பி. கூட்டுக் கோதுமைக்காரர்களுக்கு இந்த வருஷம் அவன்தான் தலைவன். அட்மாசு வாசலில் போய் நின்றபோது அவன் நுகத்தடிக்குத் தோல் கட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. ஆச்சரியமா இருக்கு. வழி மறந்து போச்சோன்னு நினைச்சேன்."

"மாட்டை ரெண்டு மாசம் பிடிச்சு வையி," என்றார் அட்மாசு, உட்காராமலே.

"எத்தனை மாட்டை? என்னுது நாலு. ஊர்ல அறுபது இருக்கு. நாற்பது பேரும் கூடி முடிவு பண்ணது, அறுத்த மறுநாள் மாடு இறங்கணும்னு. வைக்கோல் இல்லாம மாடெல்லாம் எலும்பா நிக்குது. உங்க ஒருத்தர் கடலைக்காக அறுபது மாட்டையும் பட்டினி போடுன்னு நான் போய்ச் சொன்னா என்னைத்தான் மேய்ஞ்சிடுவானுங்க."

"அப்போ டெஃப்பையாவது அறுத்துக் குடு. அது வீட்டுக்கு வந்துட்டா, கடலையை நான் நின்னு பாத்துக்கறேன்."

"அதுக்கென்ன, டெபோ கூப்பிடுங்க. பன்னெண்டு பேர் வந்து விழுந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்." குவாலு தோலை இறுக்கி முடிச்சுப் போட்டான். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் தயங்கி, "தெல்லா யாரு போடுவா?" என்றான்.

அங்கேதான் இடித்தது. டெபோ என்றால் கூலியில்லா வேலை. இன்று உன் வயல், நாளை என் வயல். கூலிக்குப் பதில் டெஃப் மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோலச் சுட்ட இஞ்ஜெரா வயிறு நிறைய, அதைவிட முக்கியமாகத் தெல்லா. வாற்கோதுமையை முளைகட்டி, கெஷோ இலை போட்டு ஊறவைக்கும் வீட்டுக் கள். அது இல்லாமல் ஆளைக் கூப்பிடுவது அவமானம், கூப்பிட்டவனுக்கும் வந்தவனுக்கும். தெல்லா போடுவது பெண்கள் வேலை. லாக்கெச் போட்ட தெல்லாவுக்காக அடுத்த மலையிலிருந்து ஆள் வந்த காலம் உண்டு. அவள் இருந்தவரைக்கும் அட்மாசுவின் எந்தப் பயிரும் வயலில் ஒரு நாள் கூடுதலாக நின்றது கிடையாது. அவள் போனபிறகு இரண்டு வருஷ அறுப்பையும் அவரே தனியாக, முதுகு ஒடிய, துண்டு துண்டாக முடித்தார். அப்போது சுற்றிலும் எல்லாரும் பலதும் போட்டிருந்தார்கள், மாடு இறங்க நாள் ஆயிற்று.

"கடையில வாங்கிக் குடுக்கட்டா?" என்றார்.

"பாட்டில் பீரா? குடிப்பானுங்க. குடிச்சிட்டு, அட்மாசு வீட்டுல அடுப்பு செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் பேசுவானுங்க. அடுத்தவன் வீட்டுல போட்டு வாங்கலாம்னு பாத்தா, இப்போ அறுப்பு நேரம், எவ வீட்டுலயும் ஜாடி காலி இல்லை. என் பொண்டாட்டிக்கே இடுப்பு விட்டுப்போச்சு. அதுக்குத்தான் சொல்றேன் மாமா, ஒரே கைநாட்டு..."

"நானே போடறேன்."

குவாலு வாயைத் திறந்தான். "தெல்லாவா? நீங்களா?"

"ஏன், ஜாடி என் கையைக் கடிக்குமா? மெஷின் வர்ற வாரம் திங்கக்கிழமை. பன்னெண்டு பேருக்குச் சொல்லு."

*

போடத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நாற்பது வருஷம் அதே கூரைக்குக் கீழே படுத்திருந்தவர். என்ன சத்தத்துக்குப் பிறகு என்ன சத்தம் வரும் என்று காதுக்குத் தெரியும். முதலில் கெஷோ இடிக்கும் சத்தம். அப்புறம் ஜாடி கழுவும் சத்தம். அப்புறம் "காட்டு ஒலிவ விறகு பிளந்து போடுங்க, எத்தனை தடவை சொல்றது" என்று ஒரு சத்தம். அது ஜாடிக்குள் புகை பிடிக்க.

பழைய வாற்கோதுமையை ஊறவைத்துக் காட்டுவாழை இலையில் சுற்றி மூலையில் வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளை முளை விட்டிருந்தது. பார்த்ததும் அவருக்கே கர்வம். காயவைத்து மூட்டையாகக் கட்டி மாவு மில்லுக்கு எடுத்துப் போனார். வரிசையில் இருந்தது பூராவும் பெண்கள். ஒருத்தி மூட்டைக்குள் கை விட்டு முகர்ந்தாள்.

"முளைக்கட்டினதா? யாருக்கு மாமா, கல்யாணமா?"

"ஆமா, எனக்குத்தான். பொண்ணு பாத்து வை."

"பொண்ணு இருக்கா. ஆனா ஏழு பயிர்க்காரருக்குக் குடுக்க மாட்டாங்களாம். களை எடுத்தே செத்துப்போவாளாம்."

மில் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிருந்தது, கையால் துடைத்துக்கொண்டார்.

ஜாடிக்குப் புகை பிடித்தார். இடித்த கெஷோவைத் தண்ணீரில் போட்டார். மாவை ரொட்டியாகச் சுட்டு, உடைத்து, முளைமாவோடு சேர்த்துக் கொட்டினார். மூடி வைத்து, விளிம்பைச் சுற்றிச் சேறு பூசி அடைத்தார். எல்லாம் சரியாகவே வந்தது. அத்தோடு விட்டிருந்தால் போதும்.

ஆனால் மூடின ஜாடிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே புசுபுசுவென்று ஏதோ ஓடியது. அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா? சேற்றை உடைத்துத் திறந்து பார்த்தார். நுரை இருந்தது. மூடினார். மறுநாள் நுரை இன்னும் இருக்கிறதா என்று திறந்தார். அடுத்த நாள் நிறம் பார்க்க. அதற்கு அடுத்த நாள் ஒரு விரல் விட்டு நக்கிப் பார்க்க. ஒவ்வொரு தடவையும் புதுச்சேறு கொண்டுவந்து ஒழுங்காகப் பூசித்தான் மூடினார். வேலையில் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் இன்னொரு உயிர் மூச்சு விடுவதுபோல அது சத்தம் போட்டுக்கொண்டிருந்ததில், உண்மையைச் சொன்னால், அவருக்கு அதன் பக்கத்தில் போய் உட்காரப் பிடித்திருந்தது.

*

திங்கட்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். பன்னிரண்டு இல்லை, ஆனாலும் எட்டு. அரிவாளை மரத்தடியில் வைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பை அவரே வைத்திருந்தார். இஞ்ஜெரா குவாலு வீட்டிலிருந்து வந்தது. வேலை தொடங்குமுன் ஆளுக்கு ஒரு குவளை, அது வழக்கம். அட்மாசு ஊற்றிக்கொண்டு வந்தார். உறவு முறைப்படி முதல் குவளை குவாலுவுக்கு.

குவாலு ஒரு மிடறு குடித்தான். கண்ணை மூடினான். மெதுவாக விழுங்கினான்.

அடுத்தவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. "யோவ் பெரியவரே! இது குடிக்கவா, ஊறுகாய் போடவா?"

"அரிவாள்ல ஊத்து, துருவெல்லாம் போயிடும்."

"நேத்து பல்லு வலின்னேன், இப்போ பல்லே தெரியலை எனக்கு."

சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. ஆனால் குவளைகள் ஒன்றொன்றாகத் தரையில் இறங்கின. யாரும் முடிக்கவில்லை. எழுந்து போய் வயலில் குனிந்தார்கள். சிறிது நேரம் வேகமாகத்தான் அறுத்தார்கள். வெயில் ஏறியதும் தாகம் எடுத்தது. தாகத்துக்கு இருந்தது தண்ணீர் மட்டும். ஒருவனுக்குக் கன்று ஈனப் போகிற மாடு ஞாபகம் வந்தது. ஒருவன் மெஷின்காரனுக்குப் போன் போட வேண்டும், மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும் என்றான், மேட்டுக்குப் போனவன் அப்படியே அந்தப் பக்கம் இறங்கிவிட்டான். மத்தியானத்துக்குள் வயலில் நின்றது அட்மாசுவும் குவாலுவும்தான்.

குவாலு நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டான். தன் குவளையை எடுத்து மிச்சம் முழுவதையும் குடித்து முடித்தான். முகத்தைச் சுளிக்காமல்.

"மூடியைத் திறந்தீங்களா?"

"பாக்க வேண்டாமா? உள்ள என்ன ஆகுதுன்னு தெரிய வேண்டாமா?"

"அக்கா யாரையும் கிட்ட நெருங்க விடமாட்டா. கையில கரண்டியால அடிப்பா. காத்து பட்டா புளிச்சிடும் மாமா. மூடினா மூடினதுதான், நாள் வர்ற வரைக்கும்." குவளையைக் கவிழ்த்து வைத்தான். "எனக்கும் வேலை கெடக்கு. புதன்கிழமை மெஷின்."

"போ, போ."

"வியாழக்கிழமை மாட்டை என்னால நிறுத்த முடியாது. சொல்லிட்டேன்."

"நான் நிறுத்தச் சொல்லலையே."

செவ்வாயும் புதனும் அட்மாசு தனியாக அறுத்தார். புதன்கிழமை மெஷின் வந்து சுற்றிலும் இருந்த கோதுமையை அரை நாளில் வாரிக்கொண்டு போனது. அவர் நிலத்தை ஒட்டித் திரும்பும்போது டிரைவர் ஏதோ கத்தினான். சத்தத்தில் கேட்கவில்லை. அன்று அந்தியில் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை மொட்டைத் தாள். நடுவில் அவர் நிலம் மட்டும் தலைமுடியோடு நின்றது.

வியாழக்கிழமை காலையில் மாடு வந்தது. டெஃப்பில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அறுத்தது குவியல் குவியலாகக் கிடந்தது, வீட்டுக்குக் கொண்டு போக ஆள் இல்லாமல். கீழே கொண்டைக்கடலை, பச்சைப்பசேலென்று, காய் கட்டியிருந்தது. அட்மாசு கம்போடு வரப்பில் நின்றார். முதலில் கீழே ஓடித் துரத்தினார். அதற்குள் மேலே நாலு மாடு குவியலில் வாயை வைத்தது. மேலே ஓடினார். கீழே பத்து இறங்கியது. இன்னொரு தடவை கீழே ஓடினார். பிறகு நடுவில் நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது. ஒரு பக்கம் நிற்கத்தான் ஒரு ஆளால் முடியும்.

மேலே ஏறி டெஃப் பக்கம் நின்றார்.

கடலைக் காய் மாட்டின் பல்லில் நொறுங்கும் சத்தம் அங்கே வரை கேட்டது. அஸ்கலே பத்து வயதில் இந்த வரப்பில்தான் உட்கார்ந்து பச்சைக் காயாகப் பறித்துத் தின்பாள். இன்னும் போனில் கேட்பாள், "கடலை போட்டிருக்கியாப்பா?" என்று. வந்து தின்றதில்லை. கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக ஒரு துண்டு நிலத்தைக் கடலைக்கு விட்டிருக்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? முன்னால் போன மாடு குவாலுவுடையது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளது. நல்ல மாடு.

"பச்சைக் கடலை தின்னா வயிறு உப்பும்டா!" என்று தூரத்தில் நின்ற குவாலுவைப் பார்த்துக் கத்தினார். "எண்ணெய் காய்ச்சிக் குடு!"

குவாலு கையைத் தூக்கிக் காட்டினான்.

*

வெள்ளிக்கிழமை மாஸ்தவால் வந்தாள். கைநாட்டுத் தாளும் இருந்தது, பலகையும் இருந்தது. கடலை நிலத்தை ஒரு தடவை பார்த்தாள். வேரோடு பிடுங்கி மிதித்துப் போட்டிருந்தது. அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல பெண்.

"கோதுமை மட்டும் போட்டிருந்தா இந்நேரம் மூட்டை வீட்டுல இருந்திருக்கும் பெரியவரே."

அட்மாசு டெஃப் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். "இது மட்டும் போட்டிருந்தா இதைத்தான் மாடு தின்னிருக்கும். கடலை நின்னதாலதான் மாடு அங்க போச்சு. அதையும் எழுதிக்கோ உன் பலகையில."

"அதுக்குக் கட்டம் இல்லை."

"தெரியும்."

அவள் தாளை நீட்டினாள். அவர் பார்க்கக்கூட இல்லை. அவள் அதை மடித்து உள்ளே வைத்தாள். "இந்தப் பதிவை இன்னைக்கு முடிச்சு அனுப்பணும். பாதியில நிக்குது."

அட்மாசு கட்டைத் தலையில் நேராக்கிக்கொண்டார்.

"அதுல அஞ்சுன்னு போட்டிருக்கேல்ல?"

"ஆமா."

"மாத்து. ஒண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணுன்னு போடு. நிலத்துக்கு வர்றவன் வரட்டும், வந்தா வாசல்ல வச்சுப் பேசிக்கறேன். நேத்து வரப்புல நின்னப்போ நாங்க அஞ்சு பேர் இல்லை. பயிர் ஆறு இந்த வருஷம். அடுத்த வருஷம் ஏழு."

மாஸ்தவாலின் விரல் பலகை மேல் நின்றது. "ஒரு ஆளுக்கு ஆறுன்னாலும் இது காரணம் கேக்கும் பெரியவரே. ஒண்ணாவது சொல்லுங்க. சந்தை தூரம்னு போடட்டா?"

அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். கட்டு பெரிது, பின்னால் இருந்து பார்த்தால் தலை தெரியவில்லை.

"மழைன்னு போடட்டா? நிலம் துண்டு துண்டா இருக்குன்னு போடட்டா?"

அவர் திரும்பவில்லை. சந்தை தூரம்தான். மழையையும் நம்ப முடியாது. நிலமும் துண்டு துண்டுதான். அதெல்லாம் பொய் என்று அவர் எப்போது சொன்னார்? வரப்பு முடிந்து மேடு ஏறும்போது, மிதிபடாமல் தப்பியிருந்த ஒரே ஒரு கடலைச் செடி காலில் பட்டது. குனிந்தால் கட்டு விழுந்துவிடும். காலால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு மேலே நடந்தார்.